அழிக்கலாம் என்ற முத்திரை

அன்புள்ள அக்கா,

உலகோர் அனைவருக்கும் அறிவிப்பு: உன் தம்பி இன்று சட்டையில் மை கொட்டிக்கொள்ளவில்லை! நீதிமன்ற ஆவண அறையில் இந்த வாரம் மட்டும் முந்நூறு பழைய கோப்புகளுக்கு 'வைக்கலாம்', 'அழிக்கலாம்' என்று முத்திரை குத்திவிட்டேன். "நீ குத்துச்சண்டைக்குப் போக வேண்டியவன்டா" என்கிறார் பெரிய குமாஸ்தா.

உன் ஆராய்ச்சிக்காக இரண்டு வருடமாய்த் தேடுகிறாயே, ஆணும் ஆணுமாகச் சேர்ந்து வாழ்ந்ததற்காகச் சிறைக்குப் போன தையல்காரரும் வாத்தியாரும்? அந்தக் கோப்பு திங்கட்கிழமை என் கையில்தான் கிடைத்தது. அவர்கள் கடிதங்களைச் சாட்சியாக உள்ளே கோத்திருந்தார்கள். "குளிருது, உங்க சட்டைக்குக் கழுத்த உசத்தி வெச்சுத் தெச்சிருக்கேன்" என்று தையல்காரர் எழுதியிருந்தார். அதைக் குரலை மாற்றிச் சத்தமாக வாசித்தேன். அறையே சிரித்தது.

பக்கத்து மேசைக்காரன் மட்டும், "என்னடா, ரொம்ப உருகிப் படிக்கிற? நீயும் அந்தக் கேஸா?" என்றான்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் இன்னும் பலமாகச் சிரித்துக்கொண்டே, 'அழிக்கலாம்' முத்திரையை எடுத்து அதன்மேல் குத்தினேன். உன் கோப்பு என்று தெரிந்தேதான் குத்தினேன். நேற்று காகிதம் அரைக்கும் ஆலையின் லாரி வந்து எடுத்துப்போய்விட்டது.

முந்நூறு என்றது பொய், அக்கா. அந்த ஒன்றுக்குப் பிறகு என் கை ஓடவே இல்லை. அவன் கேட்டதற்கு 'ஆமா' என்பதுதான் பதில்.

இப்படிக்கு,
உன் வாயாடித் தம்பி