பதினான்காம் மாதிரி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் வந்த மூன்று லாரிப் பாலும் சோதனையில் தேறிவிட்டது. இருபது வருடங்களுக்கு மேலாகப் பசும்பாலில் கிருமி எண்ணிக் காலம் தள்ளுகிறேன். பண்ணையில் என் முதுகுக்குப் பின்னால் என் பெயர் வடிகட்டி. முகத்தில் சிரிப்பு நிற்பதில்லையாம்.

மதியம் பழைய கல்லூரியிலிருந்து ஓர் அழைப்பிதழ். நுண்ணுயிரியல் துறை ஆண்டு விழா. சிறப்புரை: 'தாய்ப்பாலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள்'. உரையாற்றுபவர் என் பழைய பேராசிரியர். நான் அவருக்கு வைத்த பெயர் சோப்பு.

மூன்று முறை படித்தேன். இயல்பாக வாழும். அவருக்கு எப்போதிருந்து இது இயல்பானது?

பிப்ரவரி 4

ஆத்திரம் அடங்கவில்லை. எழுதியாவது தொலைக்கிறேன்.

இருபத்தேழு வருடங்களுக்கு முன் அவரிடம் ஆய்வு மாணவன். மகப்பேறு மருத்துவமனையில் பதின்மூன்று தாய்மார்களிடம் பால் வாங்கி, தட்டுகளில் தடவி வளர்த்தேன். எல்லாத் தட்டிலும் கிருமி வளர்ந்தது, வெள்ளையாக, குண்டூசித் தலை அளவில். ஒவ்வொரு முறையும் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "தாய்ப்பால்ல கிருமி இருக்காதுய்யா. உன் கையில இருக்கு. போய் சோப்பு போட்டுட்டு வா." ஆய்வகமே சிரிக்கும். பதிவேட்டில் பதின்மூன்று பக்கங்களிலும் சிவப்பு மையில் எழுதினார்: கை சுத்தமில்லை. ஆய்வு நின்றது. பட்டம் போயிற்று.

ஐந்து வருடம் கழித்து வேறு யாரோ, வேறெங்கோ, அதையே கண்டு எழுதினார்கள். கிருமி பாலிலேயே இருக்கிறது, குழந்தையின் குடலில் முதலில் குடியேறுகிறவற்றில் அதுவும் உண்டு, கெடுதல் இல்லை, நல்லதுதான் என்று. இப்போது அதைச் சொல்லி இவர் கைதட்டு வாங்கப் போகிறார்.

போவேன். பதிவேட்டோடு போவேன். கேள்வி நேரத்தில் எழுந்து அந்தச் சிவப்பு மையைச் சபைக்குக் காட்டுவேன்.

பிப்ரவரி 5

பதிவேடு எங்கே?

பிப்ரவரி 8, ஞாயிறு

கிடைத்தது. மகளுக்கு மாதக் கடைசியில் பிரசவம். மனைவி அங்கே போய் இருப்பதற்காகச் சாமான் எடுத்து வைக்கிறாள். கட்டிலடிப் பெட்டியை இழுத்ததும் அவள்தான். "ஏங்க, நாலு நாளா வீட்டைப் பொரட்டிப் போட்டது இதுக்கா? தலைக்கு வெச்சுப் படுத்துக்கோங்க."

பதின்மூன்று பக்கமும் சிவப்பு. சந்தோஷமாக இருந்தது என்றே எழுத வேண்டும். அப்புறம் ஒரு பக்கம் கூடப் புரட்டிவிட்டேன்.

பதினான்காம் மாதிரி. மறந்திருந்தேன் — மறந்திருந்தேனா?

அது இவளுடைய பால். மகளுக்கு அப்போது இருபது நாள். பேதி, காய்ச்சல். இவள் பாலை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். சோப்புக்குப் பயந்து எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டிருந்தேன். இவள் கை, மார்பு, என் கை, மூன்று முறை சோப்பு. அப்படியும் வளர்ந்தது. அதே வெள்ளைப் புள்ளிகள். குழந்தையின் மலத்தைச் சோதித்தால் அதிலும் அதே. கை அழுக்கு இல்லை, பாலின் இயல்பே அது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். என் கட்சிக்கு அதைவிடப் பெரிய சாட்சி ஏது?

நான் என்ன எழுதியிருக்கிறேன்? நீல மை. என் கையெழுத்து. 'தாயிடம் சுத்தக்குறைவு. பால் நிறுத்தப்பட்டது.' சோப்பிடம் இதைக் காட்டவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து, "உன் பால்ல கிருமி இருக்கு, இனிமே குடுக்காதே" என்றேன். "நல்லாத்தானே கழுவினேன்" என்றாள். நான் பவுடர் பால் வாங்கக் கிளம்பினேன். பால் கட்டிக்கொண்டு, துணியால் மார்பை இறுக்கிக் கட்டி, சுவர்ப்பக்கம் திரும்பி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். பவுடர் பாலுக்கு மாறியும் பேதி பத்து நாள் நிற்கவில்லை. அதையும் நான்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

உண்மை வெளிவந்தபோது மாதக்கணக்கில் சோப்பைத் திட்டினேன். இவளிடம், உன் பால் நல்ல பால் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை.

பிப்ரவரி 9

அந்த ஒரு தாளை மட்டும் கிழித்தால் என்ன? தைத்த பதிவேடு. ஒன்றைக் கிழித்தால் ஜோடித் தாளும் கழன்று வரும். வரட்டுமே.

கிழிக்கவில்லை. நேர்மை என்று இங்கே எழுதிக்கொள்ள மாட்டேன். தைரியம் இல்லை.

பிப்ரவரி 14, சனி

மூன்றாம் வரிசையில், பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோப்பு கைத்தடியோடு வந்தார். ஆள் பாதியாகியிருக்கிறார்.

ஐந்தாவது நிமிடத்தில் சொன்னார்: "எங்கிட்ட ஒரு பையன் இதைப் பதிமூணு தடவை கொண்டாந்து காட்டினான். பதிமூணு தடவையும் கை கழுவிட்டு வாய்யான்னு அனுப்பினேன். நான் இன்னைக்குச் சொல்லப் போறதெல்லாம் அவன் அன்னைக்கே சொன்னது." என் பெயரையும் சொன்னார். வந்திருக்கிறானா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. கூட்டம் கைதட்டியது. ஒப்புக்கொண்டதற்கும் அவருக்குத்தான் கைதட்டு.

இருபத்தேழு வருடம் ஊட்டி வளர்த்த கோபம். ஒரே நிமிடத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் அடையாளம் கண்டுகொண்டார். "வந்திருக்கியா? திட்டணும்னா திட்டு. காது இன்னும் கேக்குது."

"பதினாலாவது ஒண்ணு இருந்துச்சு சார்."

"யாருது?"

"வீட்டுல."

கைத்தடியை ஊன்றிக் கிட்டே வந்தார். "அவங்களுக்குத் தெரியுமா?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நழுவினேன். பஸ் வரவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு மெல்லிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டைப் பிரித்து முன்னால் வைத்தேன். கண்ணாடி இல்லாமல், தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"அப்ப அது நல்ல பாலா?"

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "இருபத்திரண்டு வருஷமா."

மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "அந்த மனுஷன் கை கழுவச் சொன்னாருன்னு இத்தனை வருஷமும் எங்கிட்டதான் வந்து பொலம்பினீங்க. உங்களுக்காக நானும் சேர்ந்து அவரைத் திட்டினேன்."



பிப்ரவரி 16

சாப்பாடு மேசையில் மூடியிருந்தது. 

பிப்ரவரி 18

கிளம்பிவிட்டாள். போவதாகச் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே. "கேஸை மூட மறக்காதீங்க." அவ்வளவுதான்.

மார்ச் 1

பேத்தி. மாப்பிள்ளை செய்தி அனுப்பினார். எடை இரண்டே முக்கால் கிலோ. சனிக்கிழமை போக விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

மகளை அழைத்தேன். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

"அம்மா எல்லாம் சொன்னாங்கப்பா." குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "இப்ப வரவேணாம்பா. இவ பால் குடிச்சுப் பழகட்டும். அப்புறம் வாங்க."

"நான் என்னம்மா பண்ணிடப் போறேன்?"

"ஒண்ணும் பண்ண மாட்டீங்க. இருந்தாலும்."

"எத்தனை நாளாகும்?"

"அம்மாதான் சொல்லணும்."

போனை எங்கோ வைத்துவிட்டாள், அணைக்கவில்லை. மனைவியின் குரல் கேட்டது. "நீ குனியாத. அவளை உன் கிட்டக் கொண்டா. வாயைத் தொறக்கட்டும்... ம், இப்ப விடு. அவளே புடிச்சுக்குவா." மொத்தமே இருபது நாள் பால் கொடுத்தவள். ஒன்றையும் மறக்கவில்லை.

அழுகை நின்றது.  நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கொஞ்சம் கழித்து, "இது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு பாரு" என்றாள் மனைவி. துண்டித்தாள்.

மதியம் விடுப்பு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.