குரல் நடுவில் நிற்கவில்லை

ஜூன் 3

வால்வுக்கு அக்காவின் அன்பு.

நாற்பத்தைந்து வயது ஆளை அப்பா வைத்த பட்டப்பெயரில் கூப்பிடலாமா என்று யோசித்தேன். ரேடியோ ரிப்பேர் கடைப் பலகையிலேயே அதை எழுதி வைத்திருக்கிறவனிடம் எனக்கென்ன கூச்சம். இதைப் போனில் கேட்டிருக்கலாம். கடையில் ஒரே இரைச்சல், எழுதிப் போடு என்று நீ சொல்லிச் சொல்லி, ஒரு வருடமாக நமக்கு நடுவில் தபால்காரர்தான் இருக்கிறார்.

விஷயம் இதுதான். வீட்டில் ஒரு ஸ்டீரியோ வேண்டும். விடுதியில் இருந்த காலத்து ஆசை. பிறகு மகள் படிப்பு, பிறகு குளியலறைக் கூரை என்று தள்ளிப்போய்விட்டது. இந்த வருடம் விடைத்தாள் திருத்திய பணம் அப்படியே கையில் நிற்கிறது. என் அரை மாதச் சம்பளம் அளவு. அதற்கு மேல் எடுக்க மாட்டேன். அறை பத்தடிக்குப் பன்னிரண்டு. நாற்காலியில் உட்கார்ந்தால் இடப்பக்கச் சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. வலப்பக்கம் ஜன்னல், அதற்கு வெளியே பஸ் டிப்போவின் பின்மதில்.

நேற்று உன் மாமாவோடு இரண்டு கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு விற்பனையாளர், "மேடம், இது ஆயிரம் வாட்ஸ். தெருவே அதிரும்" என்றார். "தெருவுக்கு எதுக்குங்க? கேக்கப் போறது நான்தானே" என்றேன். உடனே நீல விளக்கு எரிவதைக் காட்டினார். உன் மாமா, "வெளக்க எடுத்துட்டா வெல கொறையுமா?" என்று கேட்டார். அந்தக் கடைக்கு இனி போக முடியாது.

பணத்தை ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் எப்படிப் பிரிப்பது? வாட்ஸ் என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டா, அல்லது அதுவும் ஜோசியமா? காரணத்தோடு எழுது. இருபத்து நான்கு வருடம் புள்ளியியல் நடத்தியவளிடம் "நம்புக்கா" என்று மட்டும் எழுதாதே.

சமைத்துச் சாப்பிடு. தனிக்கட்டை என்றால் பன்னைத் தேநீரில் நனைத்தே காலம் தள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை.

அக்கா


ஜூன் 9

என் புரொபசர் அக்காவுக்கு,

கடிதம் வந்தது. மாமாவுக்கு என் கடையில் வேலை உண்டு என்று சொல்.

பணத்தை மூன்று பங்காக்கு. இரண்டு பங்கு ஸ்பீக்கருக்கு, ஒரு பங்கு ஆம்ப்ளிஃபையருக்கு. நல்ல ஸ்பீக்கர் சுமாரான ஆம்ப்ளிஃபையரோடு ஒத்துப்போகும். மட்டமான ஸ்பீக்கருக்கு எதை மாட்டினாலும் தேறாது. வாட்ஸுக்கு அர்த்தம் உண்டு, ஆனால் ஆயிரம் என்று அட்டையில் அச்சடிக்க மை மட்டும் இருந்தால் போதும். உன் அறைக்கு முப்பது தாராளம். அதிலும் நீ ஐந்தைத் தாண்ட மாட்டாய்.

ஸ்பீக்கரை அங்கேயே புதிதாக வாங்கு. மரப்பெட்டி, சிறியது போதும். விரல் கணுவால் பக்கவாட்டில் தட்டிப் பார். காலி டப்பா போலச் சத்தம் வந்தால் வை. கதவைத் தட்டினாற்போல் இருந்தால் எடு. அலமாரிக்குள் திணிக்காதே. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஸ்டூல் போட்டு வை. ஒயரில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.

ஆம்ப்ளிஃபையர் நான் அனுப்புகிறேன். ஒரு பல் டாக்டர் வீட்டுப் பழைய செட். எடையே சொல்லும், உள்ளே ஏமாற்று இல்லை. தேய்ந்த பாகங்களை மாற்றிவிட்டேன். இனி இடதையும் வலதையும் சமன் செய்ய வேண்டும். ஒருவர் தனியாகப் பாடும் பாட்டைப் போட்டு நடுவில் உட்காருவேன். குரல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வரும்வரை உள்ளே இருக்கும் திருகைத் திருப்புவேன். வந்ததும் திருகு நகராமல் இருக்க அதன்மேல் ஒரு சொட்டு நகச்சாயம். இதை மீட்டர் வைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பாவம், காதை நம்பாதவர்கள்.

நம்புக்கா.

வால்வு


ஜூன் 30

அன்புத் தம்பிக்கு,

செட் பத்திரமாக வந்தது. ஸ்பீக்கரை நீ சொன்னபடி தட்டித்தான் வாங்கினேன். "கதவு தட்டுறீங்களா மேடம், யாரும் வர மாட்டாங்க" என்றார் கடைக்காரர். மாட்டினோம். பாடுகிறவர் அடியெடுக்கும் முன் மூச்சிழுப்பது கேட்கிறது. இத்தனை வருடமாக அந்த மூச்சு எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

ஆனால் குரல் நடுவில் நிற்கவில்லை. ஜன்னல் பக்கம், வலப்புறமாக ஒதுங்கி நிற்கிறது. அளவு நாடா வைத்து ஸ்டூல்களை அளந்தேன். நாற்காலியை நகர்த்தினேன். வேறு பாட்டுகள் போட்டேன். உன் மாமாவை உட்காரவைத்துக் கேட்டேன். "எனக்கு எல்லாம் பாட்டாத்தான் கேக்குது" என்றார்.

உன் வேலையில் தவறு இருக்காது. அப்படியானால் குறை என் இடது காதில்.

இதை எழுதக் கை வரவில்லை. போன பருவத்திலிருந்தே பின்பெஞ்சில் கேட்கிற கேள்வி எனக்குச் சரியாக விழுவதில்லை. மின்விசிறிமேல் பழி போட்டேன். ஒரு பெண், "மேம், மூணு தடவ கேட்டுட்டேன்" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அம்மாவுக்கு நாற்பத்தேழில் ஆரம்பித்தது. எனக்கு நாற்பத்தெட்டு முடியப் போகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையில் எட்டு மாதம் அவர் அதை மறைத்தது உனக்கு நினைவிருக்கும். தீயணைப்பு நிலையம் கேட்டவரை வேறு எங்கேயோ இணைத்துக் கொடுத்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவுக்கு அதுவும் கேட்கவில்லை. பிறகு நாம் பழைய நோட்டின் பின்பக்கங்களில் எழுதிக் காட்டினோம். எழுத நேரமில்லாதபோது எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பசிக்கிறது என்றாலும் அதே சிரிப்பு, பரீட்சையில் முதலாவது வந்தேன் என்றாலும் அதே சிரிப்பு. வேலை போவதைவிட எனக்கு அந்தச் சிரிப்புதான் பயம். வகுப்பில் அன்று நான் சிரித்தது அதுதானோ என்று இருக்கிறது.

உன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா


ஜூலை 5

அக்கா,

நின்றபடியே படித்தேன். கையிலிருந்த வேலை அப்படியே கிடக்கிறது.

முதலில் இதைச் செய். மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்று. இடப்பக்க ஒயர் வலது துளைக்கு, வலப்பக்கம் இடதுக்கு. அதே பாட்டைப் போடு. குரல் அலமாரிப் பக்கம் தாவினால் கோளாறு செட்டில். தாவாமல் ஜன்னலிடமே நின்றால் ஸ்பீக்கரிலோ அறையிலோ இருக்கலாம். இல்லையென்றால் கேட்பவரில். எங்கள் தொழிலில் இதுதான் முதல் பரீட்சை. யாரையும் குற்றம் சொல்லும் முன் ஒயரை மாற்று என்பார்கள்.

செட்டில் கோளாறு இருக்காது. மூன்று சாயங்காலம் எதிரே உட்கார்ந்து கேட்டுத்தான் அந்தத் திருகை விட்டேன். குரல் நூல் பிடித்தாற்போல் நடுவில் நின்றது. அதனால்தான் இந்தப் பரீட்சையின் முடிவை நினைத்துப் பதறுகிறேன்.

பரீட்சையின் முடிவு எப்படி இருந்தாலும் காது டாக்டரிடம் போ. நாள் கடத்தாதே. அம்மா செய்ததைச் செய்யாதே அக்கா. மாமாவிடம் இன்றே சொல்.

வால்வு


ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

உன் மாமாவிடம் சொன்னேன். "சரி, ஒயர் எங்க இருக்கு?" என்றார்.

ஒருமுறை மாற்றிப் பார்த்து முடிவு சொல்வது என் பழக்கம் இல்லை. நான் கண்ணை மூடி உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் அணைத்து, நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஒயரை மாற்றி, தலை விழுந்தால் மாற்றுவதுபோலச் சத்தம் மட்டும் செய்து, மறுபடி போட்டார். "இந்த வயசுல கண்ணாமூச்சி" என்று முனகிக்கொண்டே இருபது முறை செய்தார். நான் குரல் எந்தப் பக்கம் என்று சொன்னேன். அவர் தாளில் குறித்தார். இருபதும் சரி. ஒயர் மாறும்போதெல்லாம் குரல் அலமாரிப் பக்கம் தாவியது. இயற்பியல் ஆய்வக உதவியாளரிடம் மீட்டர் இரவல் வாங்கி வந்து இரண்டு துளைகளிலும் வரும் மின்னழுத்தத்தை அளந்தேன். வலது, இடதைப்போல் ஒன்றரை மடங்கு.

டாக்டரிடமும் போனேன். இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன. வகுப்பு மின்விசிறிகள் உண்மையிலேயே மோசம்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தார். பாதி குடிப்பதற்குள் இன்னொன்று தோன்றியது. மீதியை அப்படியே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்தச் செட்டில் குரல் உனக்கு நடுவில் கேட்டது. மூன்று சாயங்காலமும் நூல் பிடித்தாற்போல் கேட்டது. வலப்பக்கத்தை ஒன்றரை மடங்கு கூட்டினால்தான் உனக்குச் சமமாகிறது.

ஒரு வருடமாக நீ போனில் பேசுவதில்லை. போன டிசம்பரில் வந்தபோது, நான் வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் நீ முழு உடம்பையும் திருப்பினாய். கழுத்துச் சுளுக்கு என்றாய்.

தம்பி, உன் வலது காது எப்படி இருக்கிறது?

அக்கா


ஜூலை 17

அக்காவுக்கு,

உன் காது நன்றாக இருப்பதில் சந்தோஷம். செட் லாரியில் குலுங்கியதில் திருகு நகர்ந்திருக்கும். அது சகஜம். திருப்பி அனுப்பு, சரிசெய்து தருகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. வேலை நெருக்கடி, அதனால் இவ்வளவுதான்.

வால்வு


ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

பதினைந்து நாள் பொறுத்தேன்.

செட்டை அனுப்ப மாட்டேன். மூடியைத் திறந்து பார்த்தேன். திருகின்மேல் நீ வைத்த நகச்சாயச் சொட்டு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. திருகு நகரவில்லை.

நேற்றுப் பகல் பதினொரு மணிக்கு உன் கடைக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்று முறை. உன் பக்கத்து சலவைக் கடையின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவரு உள்ளதாங்க இருக்காரு, மேசையில. மணி அடிக்கிறது எங்களுக்கே கேக்குது. போய்ச் சொல்லவா?" வேண்டாம் என்றேன். அவர் போனை வைக்கவில்லை. "பின்னாடி வண்டி வந்து ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டாருங்க. போன வாரம் சரக்கு வண்டி ஒண்ணு உரசிட்டே போச்சு. நாங்க திமிருன்னுல்ல நெனச்சோம்."

அதைக் கேட்டதிலிருந்து தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் எனக்கு உன் முதுகுதான் தெரிகிறது.

நீ எத்தனையோ பேர் வீட்டுக்குச் செட் சரிசெய்து அனுப்புகிறாய். அவர்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்களா? கொண்டுவந்தால் என்ன சொல்லி அனுப்புகிறாய்? நான் உன்னைக் கேவலப்படுத்த இதைக் கேட்கவில்லை. மீட்டர் இருக்கிறது, தொழில் எங்கேயும் போகாது. காது டாக்டரிடம் போவதற்குத்தான் நாள் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு நீ எழுதிய ஜூலை 5 கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் "அக்கா" என்று இருக்கும் இடத்தில் உன் பெயரைப் போட்டு ஒருமுறை படி.

கோபமாக இருந்தாலும் இரண்டு வரி போடு. வண்டி உரசியதில் அடி பட்டதா என்றாவது சொல்.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

அடி படவில்லை. சட்டை கிழிந்தது.

இந்த வருடம் நான்கு செட் திரும்பி வந்தது. பாகங்கள் மட்டம், கம்பெனி சரியில்லை என்று சொன்னேன். நான்காவது ஆள், "பரவால்ல வால்வு சார், விட்டுடுங்க" என்று பணத்தைக்கூடக் கேட்காமல் எடுத்துப் போனார். அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. உனக்குக் கோளாறு என்று நீ எழுதியபோது பதறினேன் அல்லவா, அது பொய் இல்லை. ஆனால் மனதின் ஒரு மூலையில், இரண்டு பேருக்கும் என்றால் நான் தனி இல்லை என்று ஒரு ஆறுதல் எட்டிப் பார்த்தது. அதற்குத்தான் இத்தனை நாள் பதில் எழுத முகம் இல்லை.

நேற்று டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கதவு மூடியதும் உள்ளே ஒரு அமைதி அக்கா, என் தொழிலில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வியர்த்துவிட்டது. கேட்காமல் விட்டுவிடுவோமோ என்று அழுத்தினேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினேன். ஒரு தாளத்தில் அழுத்திக்கொண்டே இருந்தேன். பரிசோதனை செய்யும் பெண் கதவைத் திறந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து நிதானமாகச் சொன்னார்: "சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து அடுத்த தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். செப்டம்பர் 4, காலை பத்து மணி.

எனக்குப் பயமாக இருக்கிறது. போகாமல் இருந்துவிடுவேன் என்றும் பயமாக இருக்கிறது.

உனக்கு வகுப்பு இருந்தால் விடுப்புப் போடு. கூண்டுக்குள் நீ வர வேண்டாம், அங்கே ஒரு நாற்காலிதான். வெளியே வரிசையில் உட்காரு. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நேற்று என்னை நான்கு தடவை கூப்பிட்டார்களாம். பக்கத்தில் இருந்தவர்தான் தோளைத் தொட்டுச் சொன்னார். கூப்பிட்டால் நீ தட்டு.

வால்வு