நாலாவது ஆட்டம்

செவ்வாய், மதியம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீயும் உன் அணிப் பையன்களும் அடிபடாமல் இருக்கிறீர்களா? போனில் பேசினால் என்ன என்று அம்மா கேட்கிறாள். போனில் நீ என்ன கேட்டாலும் நான் ‘ம்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். எழுதினால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

அம்மாவுக்குத் தோள்வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தையல் மெஷினை ஒரு வாரம் தொடக்கூடாது என்றார் டாக்டர். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, அன்று சாயங்காலமே எதிர்வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சீருடையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

என் அலுவலக அறை கேலரிக்கு அடியில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேனே. போன ஞாயிறு ஆட்டத்தில் ஜனங்கள் மிதித்த மிதியில் என் மேஜை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். பத்து ஆட்டத்தில் இது ஏழாவது தோல்வி. “யோவ் கோச்சு, பேசாம வீட்டுக்குப் போய்த் தூங்குய்யா” என்று ஒருவர் கத்தியது எனக்கே கேட்டது. கோச் சார் மறுநாள் அதைச் சொல்லிச் சிரித்தார். “வீட்ல தூங்கினா வீட்டம்மா திட்டறா பட்டதாரி, அதான் கிரவுண்டுல தூங்கறேன்” என்றார். பட்டதாரி என்பது நான்தான். நம் வீட்டில் நான்தான் முதல் பட்டம் என்று அவரிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். இப்போது வாட்ச்மேன் வரைக்கும் அதுதான் என் பெயர்.

ஆனால் இங்கே என்னமோ நடக்கிறது அண்ணா.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாங்கள் போடும் சின்னப் புத்தகத்தில் இரண்டாம் பக்கம் கோச்சுடையது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் என் எதிரே உட்கார்ந்து சொல்லுவார், நான் எழுதுவேன். நேற்று கிளப் செயலாளர் வந்து கதவைச் சாத்தினார். “அடுத்த மூணு மேட்ச்சுக்கு கோச் பக்கம் வழக்கம்போல இருக்கட்டும்மா. நாலாவதுக்கு அதைக் காலியா விடு, விளம்பரம் வருது” என்றார். விளம்பரம் எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான் வரும். அதைச் சொல்ல யாரும் கதவைச் சாத்துவதுமில்லை.

அவர் போனதும் ஆட்ட அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அடுத்த மூன்றும் பட்டியலில் முதல் மூன்று இடத்தில் இருக்கும் அணிகளோடு. நாலாவது நம் மைதானத்தில், இதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணியோடு. நீயும் ஒரு கால்பந்து அணிக்குக் கோச்தான், என்னைவிட உனக்கு நன்றாகப் புரியும். மாற்றுவதென்றால் இப்போதே மாற்றலாம். இரண்டு வாரம் ஆட்டமே இல்லை. புதியவர் வந்து பையன்களோடு பழகிக்கொள்ள இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் செய்ய மாட்டார்கள். மூன்று அடியையும் இவர் முதுகு வாங்கட்டும், வருகிறவர் வந்த அன்றே கைதட்டல் வாங்கட்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஜெர்சி, பூட்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்கிற ஜெர்சி அண்ணனிடம் கோச் போடுகிற கோட்டு ஒன்று புதிதாகத் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அளவுச் சீட்டை என்னிடம் காட்டினார். “இந்தக் கை நீளத்துக்கு ஒட்டடைக் குச்சியைத்தான் கோச்சா போடணும்” என்றார். நம் கோச் சார் இருக்கிற கோட்டையே கையை மடித்துவிட்டுத்தான் போடுகிறார்.

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. வரப்போவது யார் என்று உங்கள் பக்கம் ஏதாவது பேச்சு அடிபடுகிறதா? விசாரித்து எழுது. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

உன் அன்புத் தங்கை

*

அடுத்த செவ்வாய்

அண்ணாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன்.

‘அதெல்லாம் பெரிய இடத்து விஷயம், உன் வேலையைப் பார்’ என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருந்தால் சரியென்று இருந்திருப்பேன். கடைசி வரியில், எங்கள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரனுக்கு முட்டி தேறிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். அவனுக்கு முட்டியில் வலி என்பது வெளியே யாருக்கும் தெரியாது. எதிரணிக்குத் தெரிந்தால் அந்தப் பக்கமாகவே அடித்து ஆடுவார்கள் என்று ரகசியமாக வைத்திருக்கிறார்கள். அவனைத் தவிர டாக்டர், கோச் சார், செயலாளர், டாக்டர் சீட்டை டைப் அடித்த நான், இவ்வளவு பேருக்குத்தான் தெரியும். நான் உனக்கு எழுதவில்லை. அவனுக்கும் டாக்டருக்கும் உன்னைத் தெரியாது. கோச் சார் சொல்லியிருக்க மாட்டார்.

அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். மாடி அறையைக் காலி செய்யச் சொன்னாயாமே. “அடுத்த மாசம் வர்றானாம்டி. ஏன்டான்னா சிரிக்கிறான். உன்கிட்ட சொல்லக்கூடாதுங்கறான்” என்றாள். சந்தோஷத்தில் அவளுக்கு எதையும் ஒளிக்கத் தெரியவில்லை. அந்தத் தோளோடு உனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். கடையில் வாங்கினால் உனக்குக் கை எட்டாதே என்கிறாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்தக் கோட்டு யாருடையது என்று தெரிந்தது.

இந்த வருடம் நீ எனக்கு எழுதிய அளவுக்கு எந்த வருடமும் எழுதியதில்லை. பயிற்சிக்கு யார் தாமதமாக வருகிறார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, தோற்ற பிறகு உள்ளே யார் சத்தம் போடுகிறார்கள் என்றெல்லாம் கேட்டாய். தங்கையின் வேலையைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறாய் என்று பூரித்துப்போய்ப் பக்கம் பக்கமாக எழுதினேன். அதையெல்லாம் நீ எதற்குக் கேட்டாய் என்று இப்போது தோன்றுகிறது. உன்னைச் சந்தேகப்பட வெட்கமாகவும் இருக்கிறது. நீ படிப்பை விட்டுக் கோல் கம்பத்தில் நின்று சம்பாதித்ததால்தான் நான் காலேஜ் வாசலை மிதித்தேன். அது எனக்கு மறக்கவில்லை.

போன வெள்ளி ஆட்டம் இல்லாவிட்டாலும் கோச் சார் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தார். “எழுதிக்கோ பட்டதாரி. மூணு மேட்ச் நல்லா உதை வாங்குவோம், எனக்கும் தெரியும். நாலாவது ஜெயிப்போம். அதுக்கப்புறம் பசங்க எழுந்துப்பாங்க. அந்தப் பக்கத்தை இப்பவே சொல்லிடறேன்” என்றார். இல்லாத பக்கத்துக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்து யோசித்துச் சொன்னார். செயலாளர் பெயரை முதலில் போடச் சொன்னார்.

எழுந்து போகும்போது, “உங்க அண்ணன் டீம் பிரமாதமா ஆடுதே. அவனெல்லாம் இங்க வரவேண்டிய ஆளு” என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவர் எதிரில் வந்தால் நான் அலமாரியைத் திறந்து ஏதோ தேடுகிறேன்.

வராதே என்று சொல்ல மாட்டேன். நீயும் எத்தனை வருடம்தான் சின்ன அணியோடு மல்லுக்கட்டுவாய்? கோச்சை மாற்றுவதும் எங்கும் நடப்பதுதான். வா அண்ணா. ஆனால் இந்த ஞாயிறே வா. அந்த மூன்று ஆட்டமும் உன் பெயரில் தோற்கட்டும். பிறகு நாலாவதை ஜெயித்தால் கேலரியில் எழுந்து நின்று முதலில் கத்துகிறவள் நானாக இருப்பேன். அது உன் கையில் இல்லை என்றால் நீயே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. தோற்கப்போகும் மூன்று ஆட்டத்தை இருந்து ஆடுவதா, இப்போதே எழுந்து போவதா என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன், வியாழன் காலை உன் கைக்கு வந்துவிடும். வெள்ளி ஒன்பது மணிக்கு அவர் என் எதிரே உட்காருவார். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேச்சு வந்துவிடும் போலிருக்கிறது. என் வாயால் கேட்பதைவிட உன் வாயால் கேட்டால் அவருக்கும் மரியாதை, உனக்கும் மரியாதை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் அண்ணா. எந்த ஊர் மைதானத்தில் நின்றாலும், எதிரே வருகிறவரை நிமிர்ந்து பார்க்க முடிகிற மாதிரி நன்றாக இருக்க வேண்டும்.

வியாழன் சாயங்காலம் வரை காத்திருக்கும்
உன் தங்கை