மிடற்று நீர் விதியை நீக்கிய திருமுகம்

கழியில் ஏறிய கடல்நீர் வடிந்து படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்த காலைப்பொழுதில் எழுதியது.

கழிகளுக்கும் கரைகளுக்கும் காவலர், சுரபுன்னை நாடுடைய கோப்பெருந்தேவி நிலமங்கையார் ஆணைப்படி, வீடுகளின் உள்ளை அணிசெய்யும் அகவணிச் சபையின் தலைவர் விடங்கனாருக்கும் அவரோடு அமரும் செப்பு வில்லையார் அனைவருக்கும் விடுக்கும் திருமுகம். உங்களுக்கு நலம் உண்டாகுக. உங்கள் மண்டபத்துத் திண்டுகள் மெத்தென்று இருக்கட்டும். உங்கள் விளக்குகள் நீங்கள் வைத்த இடத்திலேயே எரியட்டும். அவற்றை நகர்த்தச் சொல்ல நாட்டில் எவருக்கும் வாய் இல்லாதபடி நீங்களே பார்த்துக்கொண்டீர்கள்.

அரசியாரின் தந்தையார் நாளில் உங்கள் சபை ஒரு பட்டயம் பெற்றது. வீட்டுக்குள் எப்பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று உரைக்கும் உரிமை செப்பு வில்லை அணிந்தவர்க்கே உண்டு என்றது அது. இடம் தவறி வைத்த பொருளால் குடிகளின் உயிருக்குக் கேடு என்று அன்று நீங்கள் முறையிட்டீர்கள். குடிகளில் ஒருவரும் முறையிடவில்லை. வில்லை வேண்டுபவர் சபையாரிடம் ஆண்டுக்கணக்கில் பயில வேண்டும், யார் பயிலத் தக்கவர் என்பதைச் சபையாரே சொல்வர் என்றும் ஆயிற்று. தக்கவர்களைத் தேடி நீங்கள் நெடுந்தூரம் அலையவில்லை. உங்கள் மக்களும் மருமக்களும் வீட்டிலேயே இருந்தார்கள்.

அதன்பின் மிடற்று நீர் விதி செய்தீர்கள். தச்சர், பாய் நெய்வோர், சுண்ணாம்பு பூசுவோர், திரை தைப்போர் எவராயினும் ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு மிடறு நீரை வாயில் அடக்க வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்ததும், வாசலில் நிற்கும் சபைக் காவலன் நீட்டுகிற கிண்ணத்தில் அதை உமிழ்ந்து காட்ட வேண்டும். வாயில் நீர் இருப்பவர் யோசனை சொல்ல மாட்டார் அல்லவா. இதைச் சிந்தித்துக் கண்டவருக்குச் சபை பொன்னாடை போர்த்தியதாகக் கேள்வி.

நாடு இதனால் அடைந்த பயனும் அவைக்கு வந்தது. பாய்க்காரர் பாயைச் சுருட்டியபடியே போட்டுவிட்டுப் போகிறார். விரித்தால் அது அணிசெய்தலாம். துறைத்தெருவில் புதுமணத் தம்பதியர் வீட்டில் தச்சர், சபையார் குறித்த இடத்திலேயே, கட்டிலைக் கதவுக்குக் குறுக்கே பொருத்தினார். வாயில் நீரோடு கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். அவர் வாழ்த்துகிறார் என்று மாப்பிள்ளை வணங்கினான். மணமக்கள் இருவரும் இன்றுவரை சாளரம் வழியே போய் வருகிறார்கள். அரசியாரின் பள்ளியறையை முன்னொருமுறை உங்கள் சபை அணிசெய்ததையும், அன்று முதல் அவர் வேறோர் அறையில் உறங்குவதையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை.

இனி வழக்கு. இதில் பேசியவர்களின் வாய்மொழியை மெருகிடாமல் அப்படியே எழுதுமாறு அரசியார் பணித்தார்.

மரக்கலத் தலைவராக இருந்து கண்ணொளி இழந்தவர் எயினர். மகளின் மணத்துக்காக அவர் வீட்டை அணிசெய்தவர் விடங்கனார். வீட்டின் உள்முற்றத்தில் ஒரு கிணறு, அதைச் சுற்றி இடுப்பளவு சுவர். அச்சுவர் பார்வையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று விடங்கனார் கண்டார். கண்ணில்லாதவர் வீட்டில் இதைக் கண்டார். சுவர் இடிக்கப்பட்டது, கிணற்றின் விளிம்பு தரையோடு தரையாக வழவழப்பாக்கப்பட்டது. முற்றத்துக்கு விடுதலை அளித்தோம் என்று எயினரிடம் சொல்லப்பட்டது. அவர் அதை ஏதோ நற்சொல் என்று கொண்டு தாம்பூலம் தந்தார்.

அந்த வீட்டுக்குத் திரை கட்ட வந்தவள் சாத்தி. கடைத்தெருவில் சிறு கடை வைத்துத் திரைச்சீலை தைப்பவள். அந்தக் கடையைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. முக்காலி மேல் நின்று கொக்கியில் வளையம் மாட்டிக்கொண்டிருந்தாள். வாயிலிருந்த நீர் வெதுவெதுத்துப் போயிருந்தது, கன்னம் வலித்தது. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, இன்னும் இரண்டு வளையம்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அப்போது எயினர் கையை நீட்டியபடி முற்றத்துக்கு வந்தார். என்றும் போலச் சுவரைத் தடவிக்கொண்டு அப்பால் போவதற்காகக் கை அதைத் தேடியது. சுவர் இல்லை. இன்னும் சற்று முன்னே இருக்கும்போலும் என்று அவர் நடந்தார்.

சாத்தி நீரை விழுங்கினாள்.

"நில்லுங்கய்யா! கிணறு!"

எயினர் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார். காலுக்குக் கீழே குளிர்ந்த காற்று எழுவது தெரிந்தது. மெல்லப் பின்வாங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"யாரும்மா நீ? உன் வாயில சர்க்கரை போட."

சர்க்கரை வரவில்லை. காவலன் கிண்ணத்தோடு உள்ளே வந்தான்.

"தண்ணி எங்கடி?"

"முழுங்கிட்டேன்."

"அப்போ பேசியிருக்கே."

"பேசலை. கத்தினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா? உன் பொண்டாட்டி கிட்டே கேட்டுப் பாரு."

சபை கூடியது. விடங்கனார் வாதத்தைத் தொகுத்தளித்தார். நில் என்பது ஒரு பொருள் எங்கே இருக்கத் தக்கது என்று உரைக்கும் சொல். வீட்டினுள் இருக்கும் மனிதனும் வீட்டினுள் இருக்கும் பொருளே. ஆகவே சாத்தி வில்லையின்றி அணிசெய்தாள். சபையார் தலையசைத்தனர். அவள் கடைக்கு அரக்கு முத்திரை இடப்பட்டது. வாழ்நாள் முழுதும் ஊசி பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. எப்படிப் பிழைப்பேன் என்று அவள் கேட்டதற்கு, மீன் விற்க வில்லை வேண்டியதில்லை என்று அன்போடு வழி காட்டினீர்கள்.

அவள் அரசியாரிடம் வந்தாள். எயினரும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அரசியார் விடங்கனாரை அழைத்து, அந்நேரத்தில் இவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டார். அவள் முக்காலியிலிருந்து இறங்கி, தலைவாசல் வழியே வெளியேறி, நீரை உமிழ்ந்து, வில்லையார் ஒருவருக்குச் செய்தி சொல்லியிருக்க வேண்டும் என்றும், அவர் வந்து முற்றத்தை ஆய்ந்து தக்கது உரைத்திருப்பார் என்றும் விடங்கனார் விண்ணப்பித்தார். அருகில் இருந்த வில்லையார் எங்கே இருந்தார் என்று வினவப்பட்டது. கழிக்கு அக்கரையில், சபை மண்டபத்தில் என்றார். சுவர் எயினருடைய பார்வைக்கே தடையாக இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டார்.

எயினர் முகத்தைத் திருப்பினார். "அப்படியா? இத்தனை வருசமா அந்தச் சுவராலதான் எனக்குக் கண்ணு தெரியலையா? சொல்லவே இல்லையே!"

அவையில் எழுந்த ஒலியை எழுதத் தக்க எழுத்து இல்லை.

காற்று திரும்பிவிட்டதை அறிந்த விடங்கனார், சபை கருணை கொண்டு சாத்திக்கே ஒரு வில்லை தரும் என்றார். பயில வேண்டியதில்லை, கடையும் திறக்கப்படும், அவளும் இனிச் சபையாருள் ஒருத்தி என்றார். வில்லையைத் தம் மார்பிலிருந்தே கழற்றி நீட்டினார். சாத்தி அதைப் பார்த்தாள். வாங்கினால் பிற்பகலே கடை திறக்கலாம். மழைக்கு முன் தைத்துத் தர வேண்டிய சீலைகள் உள்ளே பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. கை நீட்டினாள். பிறகு கையை மடக்கிக்கொண்டு அவரிடம் ஒன்று கேட்டாள். விடங்கனார் தம் மிதியடியைப் பார்த்தார். அரசியார் எழுந்தார்.

ஆகவே ஆணை. பட்டயமும் மிடற்று நீர் விதியும் சாத்தி மேல் இட்ட தடையும் இன்றோடு ஒழிந்தன. தன் வீட்டில் கட்டில் எங்கே கிடக்கலாம் என்று குடிமகன் எவரிடமும் கேட்கலாம்; எவரும் சொல்லலாம்; தவறாகச் சொன்னால் அவன் கட்டிலை நகர்த்திக்கொள்வான். கூரை தாங்கும் தூணையும் கிணற்றுச் சுவரையும் தொடுபவர் மட்டும், வில்லை உடையவராயினும் இல்லாதவராயினும், ஊரவையைக் கேட்டே தொடுக. வில்லைகளை நீங்கள் அணியலாம். அழகாகவே இருக்கின்றன. எயினர் வீட்டுச் சுவரைச் சபையார் தம் கையாலேயே கல் சுமந்து எழுப்புக. சாத்தியின் கடை மேல் உள்ள அரக்கை, ஓலை கண்ட உடனே, விடங்கனார் தம் நகத்தால் சுரண்டி எடுக்க, கடைத்தெரு பார்க்கட்டும்.

சபை இனிக் கூடுமாயின், அவள் கேட்டதே முதலில் உரக்கப் படிக்கப்படுக. விடை சொல்வார் சொல்லும் வரை வேறு அலுவல் தொடங்கற்க.

கோப்பெருந்தேவியார் கேட்டு ஒப்பிய சொல் இது. இதைக் குறைப்பவர் குறைவர், காப்பவர் வாழ்வர். சுரபுன்னை முத்திரை இடப்பட்டது. அதன் கீழே, அரசியார் விருப்பப்படி, சாத்தி கேட்டது:

"இதை வாங்கிட்டா, நாளைக்கு வேறொருத்தி கத்தினா அவ கடையை நான்தான் போய்ப் பூட்டணுமா?"