நான் தூக்கிய கை

கற்பிட்டி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுதர்சினிக்கு,

தலவில் கோயில் புனித அன்னம்மாள் காவலில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், இத்தாலிக் குளிரில் நீயும் மருமகனும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபிக்கிறோம். சாள்ஸின் மகள் வியாழக்கிழமை அங்கே வருகிறாள், அவளிடம் கொஞ்சம் கட்டாக் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நீதான் இருமலோடு வேலைக்குப் போகிறாயாம், கொத்தமல்லி அவித்துக் குடி.

ஞாயிற்றுக்கிழமை நீ முதல்நாள் நடந்த கூட்டத்தைப் பற்றிக் கேட்டபோது நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட்டு தொலைபேசியை அம்மாவிடம் நீட்டினேன் அல்லவா, அது பொய் மகள். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. மாகாணத்திலிருந்து கரையோரத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்க வந்தவர்கள் என்னைப் பங்குச் சுவாமிக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள், ரோல்ஸும் தேத்தண்ணீரும் முதலில் எனக்குத்தான் வந்தது. வந்த அதிகாரி ஐயா நல்ல மனிதர். ஆமை முட்டையிடுகிற இடம் என்று நாங்கள் கரைவலை இழுக்கிற பாட்டை, அந்தக் கரைத் துண்டு முழுவதையும், வேலி போட்டு அடைக்கப் போவதைப் படம் போட்டுக் காட்டினார், விருப்பமில்லாதவர்கள் பயமில்லாமல் சொல்லுங்கள் என்றும் கேட்டார். எங்களுக்கு வேறு பாடு எங்கே, வலை இழுக்கிற மாதங்களில் மட்டுமாவது விடுவார்களா என்று நீ சொல்லித்தந்த இரண்டு கேள்வியும் என் நாக்கு நுனியில் இருந்தன. அதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, "ஐயா மாதிரி பெரியாக்கள் சம்மதிச்சா எங்களுக்கு லேசு" என்றார். அவ்வளவு மரியாதை செய்த மனிதரின் முகத்தை முறிக்க மனம் வரவில்லை. கையைத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் எங்கள் வலைக்காரர் எல்லோருடைய கையும் மேலே. கடலைப் பார்த்து நான் கை தூக்கினால் ஏன் என்று கேட்காமல் கயிற்றை இழுத்துப் பழகியவர்கள். வரும் வழியில் எங்கள் வலையில் கயிறு இழுக்கிற கில்பட்டைக் கேட்டேன். "அண்ணன் தூக்கினா அதுல ஒரு ஞாயம் இருக்கும் எண்டுதான் தூக்கினம்" என்றான். பெரிய ஆள் என்றதும் மயங்கிப் போன நான் அவனுக்கு என்ன நியாயத்தைச் சொல்வேன்.

நாங்களே கை தூக்கி வேலிக்குச் சம்மதித்த கதை ஞாயிறு பின்னேரத்துக்குள் கரை முழுக்கப் பரவிவிட்டது. நேற்று விடிய வலை வளைத்துவிட்டு வழக்கம் போலக் கையைத் தூக்கினேன். கயிறு அசையவில்லை. கில்பட்தான், கோபமே இல்லாமல், "அண்ணே, இது எதுக்கு எண்டு சொல்லிப்போட்டுத் தூக்குங்க" என்றான். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மணலுக்குள் புதைந்து போகலாம் போல இருந்தது.

மாத முடிவு வரை கருத்துச் சொல்லலாமாம். கில்பட்டையும் கூட்டிக்கொண்டு போய், அன்று தூக்கிய கை பிழை என்று அந்த ஐயாவிடமே சொல்லப் போகிறேன். அதற்கு முன் கரையில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம்.

அன்னம்மாள் உங்கள் மூவரையும் கைவிடமாட்டாள். படுக்கும் முன் பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. இது கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு கூட்டத்தைப் பற்றித் திரும்பவும் என்னிடமே கேள். தொலைபேசியை அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

உன் அப்பா,
பஸ்தியான்