இடது கை அரை அங்குலம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முக்கால்வாசி சுகம் என்று வைத்துக்கொள். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய், பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே காவல் இருக்கிறார், அதனால்தான்.

நான் தைத்த சட்டை எதுவும் அவருக்கு இடது கையில் சரியாக இருந்ததில்லை, உனக்கே தெரியும், அரை அங்குலம் தொங்கும். ஊருக்கெல்லாம் நல்லா தைக்கிற, எனக்குன்னா மட்டும் உனக்குக் கண்ணு தெரியாது என்பார். நானும் என் கத்தரியைத்தான் சந்தேகப்பட்டு, கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கையைச் சத்தமில்லாமல் மடித்துத் தைத்து வந்தேன். போன மாதம் கை சரியில்லை என்று காட்டப் போனபோது டாக்டர் டேப்பை எடுத்து இரண்டு கையையும் அளந்தார். இடது கைதான் அரை அங்குலம் குட்டை, மெலிவும்கூட, காலும் அப்படியே. பார்க்கின்சன் என்கிறார்களே, அதில் உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கிற அபூர்வ வகையாம். சின்ன வயதிலிருந்தே சிறுத்திருந்த பக்கத்தில் இப்போது நடுக்கமும் இறுக்கமும் வந்திருக்கிறது. மெதுவாகத்தான் கூடுமாம், மாத்திரைக்குக் கொஞ்சம் கேட்கிறது, பிள்ளைகளுக்கு வருவதில்லை என்றும் சொன்னார், பயப்படாதே. யார் யார் அளவோ விரல் நுனியில் இருக்கிறது, இவருக்கு மட்டும் ஒரு கையை அளந்துவிட்டு மற்றதும் அதே என்று வெட்டியிருக்கிறேன், அதுதான் மனதை அறுக்கிறது.

கியர் போட அந்தக் கை வராததால் டிப்போவில் பஸ்ஸிலிருந்து இறக்கி, நேரம் குறிக்கிற மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார், உனக்குத் தெரியக்கூடாது என்பதில்தான் பிடிவாதம். அவகிட்ட சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா, வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை, எழுதத்தானே செய்கிறேன். வீடியோவில் முகம் மட்டும் காட்டுகிறாரே, கை மேசைக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்கும். நீ போனை வைத்த பிறகும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கும் உன்னைப் பார்க்காமல் கண் பூத்துப்போகிறது.

இந்த முறை இரண்டு கையையும் தனித்தனியாக அளந்து தைத்தேன், சட்டை கச்சிதம். கண்ணாடி முன் வெகுநேரம் நின்றவர், இடது பக்கம் கீழே ஒரு பெரிய பை வெச்சுக் கொடு, அவ வந்தா கையை அதுக்குள்ள வெச்சுக்கறேன் என்றார். வைத்துக் கொடுத்துவிட்டேன்.

வேலையை விடாதே, லீவு போட்டு வா. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். வருகிற தேதியை எனக்கு மட்டும் சொல், அன்று காலையில் அந்தப் பையின் தையலைப் பிரித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அம்மா