சாப்பிடக் கூப்பிட்டால்

அன்புள்ள அம்மா,

ஹோபார்ட் குளிரில் உன் முழங்கால் வலி தேவலையா? ஓய்வு பெற்று ஃபிஜியில் குடியேறிய உன் மகன் நலமே.

இங்கே சாப்பிட உட்காருகிறவர்கள் கதவைத் திறந்து வைத்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிடுவார்கள். நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுவதுதான் மரியாதை. அது தெரியாமல், பக்கத்து வீட்டுத் தொமாசி கூப்பிட்டபோதெல்லாம் உள்ளே போய் மீனையும் மரவள்ளியையும் ஒரு பிடி பிடித்திருக்கிறேன். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை, பாவம். ஞாயிறன்று போதகர் சொல்லித்தான் புரிந்தது. வெட்கத்தில் அந்தப் பக்கமே போகவில்லை.

நேற்று நானும் கதவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டேன். தெருவில் போன தொமாசியை முறைப்படி கூப்பிட்டேன். நேரே உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

"அய்யய்யோ, சும்மாவா கூப்பிட்டீங்க? தெரியாம வந்துட்டேனே அண்ணே!"

நம் வீட்டு நீலத் தட்டு ஒன்று அனுப்பு அம்மா. நான் ஒரே தட்டுதான் கொண்டுவந்தேன்.

தொமாசி வீட்டில் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் அலிஸ்டர்